பதினொன்று இருபது

மூஞ்சியில் மாட்டுகிற பெட்டி அது.
வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், பெட்டிகள் ஆறு.
முன்னால் போட்டவளின் வியர்வையை
ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுப் போட வேண்டும்.
ஜெசிந்தாவுக்குப் பிறகு போட்டால்
வார்டு முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசம்.

உள்ளே சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.
எப்போது போனாலும் பதினொன்று இருபது.
கட்டிலில் மாதையன், இடது கையை நீட்டியபடி.
"மெதுவாப் போடும்மா" என்பார்.
ரப்பர் பட்டை இறுக்கு. தடவு. துடை. காயவிடு.
நரம்பு என்று நாங்கள் சொன்னால்
சிரை என்று திருத்துவார் மெர்லின் மேடம்.
தோலை இழுத்துப் பிடித்து, சாய்த்து, உள்ளே.
ஊசியின் பின்னறையில்
ஒரு சொட்டு ரத்தம் வந்து எட்டிப் பார்க்கும்.
குத்துகிற கை மேடத்தினுடையது.
என் கை எங்கே என்று குனிந்தால்
எனக்கு உடம்பே இல்லை.
கழுத்துக்குக் கீழே மொசைக் தரை,
அதில் யாரோ தவறவிட்ட ஊசிமூடி.

பத்துத் தடவை, சொன்னபடி கையை மட்டும் பார்த்தேன்.
பதினோராவது தடவை தலையைத் திருப்பினேன்.
பின்னால் ஜன்னல். ஜன்னலில் சேர்வராயன் மலை,
இடுப்பளவு மேகத்தில்.
மூலையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஓர் அம்மா
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.
ஊசி இறங்கும் நொடியில்
அவர் கட்டைவிரல் தோலுக்குள் அப்படியே நின்றுவிட்டது.
மாதையன் முகம் சுளிக்கவில்லை. அந்த அம்மா சுளித்தார்.
பிளாஸ்டர் ஒட்டி முடித்த பிறகுதான்
அவர் தோள் இறங்கியது.
இருபத்தாறில் திரை கறுத்துவிடும்.
பழம் பாதி உரித்தபடியே இருக்கும்.

"மேடம், மூலையில இருக்கிற அம்மா யாரு?"
"எந்த அம்மா?"
மூன்று மாதம் அந்த வீடியோவை வெட்டி ஒட்டியவர்.

பிறகு நிஜ வார்டு. சேலம் ஜி.எச்., ஆண்கள் மெடிக்கல்.
கட்டிலுக்கு ஒருவர், கட்டில்களுக்கு நடுவே பாயில் ஒருவர்.
என் பங்குக்கு வந்தவர் பொன்னுரங்கம்,
ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில் வேலை.
நகக்கண்ணில் இன்னும் மரவள்ளி மாவு.
பெட்டிக்குள் இல்லாததெல்லாம் இருந்தது:
புளித்த மாவின் வாடை, என் உள்ளங்கை ஈரம்,
"படிக்கிற புள்ளையா?" என்று கேட்டுவிட்டு
இழுத்துக்கொண்ட கை.
சிரை என் விரலுக்கடியில் மண்புழுவாய் நழுவியது.
முதல் குத்து வீண். பஞ்சை வைத்து அழுத்தினேன்.
அங்கே பின்னால் ஓட்ட ஒரு பொத்தான் உண்டு.
இங்கே ஊதாவாக வீங்குகிற ஒரு புள்ளி.

ஏனென்று தெரியவில்லை, தலையைத் திருப்பினேன்.
கால்மாட்டில் அவர் மகன், பத்து வயதிருக்கும்,
எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.
"தம்பி, மூச்சு விடு" என்றேன்.
விட்டான். அவன் அப்பாவும் விட்டார்.
நானும்தான்.
இரண்டாவது ஊசி இறங்கியது.
ரெக்கார்டு நோட்டில் பதினெட்டுக் கட்டம்,
பதினெட்டிலும் டிக் போட்டேன்.
பையன் எந்தக் கட்டத்திலும் வரவில்லை.

மாதையன் எங்கள் கல்லூரியின் மூன்றாம் நம்பர் பஸ் டிரைவர்.
மறுநாள் அவருக்குப் பின் சீட்டில் இடம் பிடித்தேன்.
கியர் போடும் இடது கையில்
மேடம் குத்திய அதே சிரை
ஒவ்வொரு வேகத்தடைக்கும் புடைத்து அடங்கியது.
நூறு தடவைக்கு மேல் எனக்குக் கை நீட்டியவர்.
அதில் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.
அஸ்தம்பட்டி சிக்னலில் கேட்டேன்.
"அதுவா? என் வூட்டுக்காரி.
சோறு கொண்டாந்தா, ஓரமா உக்காருன்னுட்டாங்க.
சும்மாத்தானே படுத்த, எதுக்கு நெசமாக் குத்த விட்டேன்னு
ரெண்டு நாள் பேசல."

அந்த ஆரஞ்சு என்ன ஆச்சு?

பச்சை விழுந்தது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
"ஏற்காட்டுப் பழம்னு சொல்லி அடிவாரத்துல ஏமாத்திட்டான்,
செம புளிப்பு" என்றார், கியரைத் தள்ளியபடி.
"ஆனா முழுசாத் தின்னுட்டேன்."